பலகையில் மூன்று மணி

பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன ஃபெர்கலை பன்னிரண்டு பத்து ஆகியும் காணவில்லை. டெர்வ்லா காருக்குப் பக்கத்தில் குனிந்து, நன்றாகவே கட்டியிருந்த காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். மூன்றாவது தடவை.

"அப்பா கடிகாரத்த மாத்த மறந்திருப்பாரு," என்றாள் ஒன்பது வயது க்ளோடா. "நேத்து ராத்திரிதானே ஒரு மணி நேரம் முன்னால தள்ளினோம். அவருக்கு இன்னும் பதினொண்ணுதான்."

"போன் தானா மாத்திக்கும்."

"அப்ப வேணும்னே லேட்டா வர்றாரு."

டெர்வ்லா சாலையை எட்டிப் பார்த்தாள். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, கோடைக்கால நேரத்துக்காக ஊரே கடிகாரத்தை முன்னால் தள்ளும் நாள். ஆற்றுப் பாலத்தடியில் தண்ணீர் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மேட்டு வயல்களில் புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டிகள் காரணமில்லாமல் ஓடின, காரணமில்லாமல் நின்றன. தன் மனசும் வியாழக்கிழமையிலிருந்து அப்படித்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமைதான் அவன் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான். 'வான்கூவர்ல டெக்லன் எனக்கு வேலைக்கு ஒரு இடம் வச்சிருக்கான். ரெண்டு வருஷம். ஞாயிறு அஞ்சு மணிக்குக் கூப்பிடுவான், அப்பவே பதில் சொல்லணும். நடக்கும்போது பேசலாம்.' அவ்வளவுதான். அதை அவள் எத்தனை தடவை படித்தாளோ, படிக்கப் படிக்க அதற்குள் ஒன்றும் கூடவில்லை.

நவம்பரில் ஃபெர்கல் வீட்டை விட்டுப் போனதே ஒரு சின்ன விஷயத்தில்தான். அவன் தச்சன். ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவு செய்தவன். அவர்களுடைய சமையலறை அலமாரிக்கு மட்டும் மூன்று வருஷமாகக் கதவு இல்லை. அதை அவள் ஒரு மழைநாளில், அவனுக்கு வேலை குறைந்து மனம் நொந்திருந்த சமயம் பார்த்து, சொல்லக்கூடாத விதத்தில் சொல்லிவிட்டாள். "நாலு நாள் அண்ணன் வீட்ல இருந்துட்டு வர்றேன்," என்றான் அவன். "உன் இஷ்டம்," என்றாள் இவள். நாலு நாள் ஐந்து மாதமாகிவிட்டது. திரும்பி வா என்று அவள் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று அவனும் கேட்கவில்லை. பிரிவு என்ற சொல்லை இருவரில் யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் கனடாவுக்குப் போய்விட்டால் உச்சரிக்க வேண்டிய அவசியமே இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

மிச்சமிருந்தது இந்த ஞாயிறு நடை ஒன்றுதான். குழந்தைகளுக்காக என்று ஏற்படுத்திக்கொண்டது. ஆற்றோரமாகப் போய், காட்டுக்குள் நுழைந்து, கடற்கரையில் வெளிப்பட்டு, கற்களைத் தாண்டித் தீவைச் சுற்றித் திரும்பும் பாதை. நாலு பேரும் ஒன்றாக இருப்பது வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான்.

ஃபெர்கலின் வேன் வந்து நின்றது. நாலு வயது எய்லிஷ் அவன் இறங்குவதற்குள் கதவில் தொங்கினாள்.

"ட்ராக்டர் பின்னாடி மாட்டிக்கிட்டேன்," என்றான், யாரும் கேட்காமலே.

"நான் ஒண்ணும் கேக்கலயே," என்றாள் டெர்வ்லா.

நடை தொடங்கும் இடத்தில் கரும்பலகை ஒன்று உண்டு. ஊரின் நடைபாதைக் குழுவுக்கு டெர்வ்லாதான் செயலாளர். பாதையின் ஊதா அம்புகளுக்கு வண்ணம் பூசுவது, நாயோடு வருகிறவர்களிடம் சண்டை போடுவது, விவசாயிகளுக்கு கிறிஸ்துமஸுக்கு ஒரு விஸ்கி புட்டி கொண்டுபோய்க் கொடுத்து வயல் வழியாக நடக்க அனுமதியைப் புதுப்பிப்பது எல்லாம் அவள் வேலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அலை அட்டவணைப் புத்தகத்தைப் பார்த்து, மறுநாள் தீவிலிருந்து எத்தனை மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவதும் அவள்தான். நேற்று எழுதியது இப்போதும் கொட்டை எழுத்தில் இருந்தது: 'மூன்று மணிக்குள் கற்களைக் கடந்துவிடவும்.'

ஃபெர்கல் அந்தப் பலகையின் முன் கொஞ்ச நேரம் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் போல இருந்தது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போலாம்," என்றான்.

ஆற்றோரப் பாதையில் டெர்வ்லா முன்னால் நடந்தாள். வேகமாக நடந்தாள். வேலியைத் தாண்டப் படி வைத்திருக்கும் இடத்தில் நின்று மற்றவர்களுக்காகக் காத்திருப்பாள், அவர்கள் நெருங்கியதும் மறுபடி நடப்பாள். அவன் பேசுவதாக இருந்தால் பேச வசதியாக ஒரு தடவை வேகத்தைக் குறைத்தும் பார்த்தாள்.

"டயர்ல காத்து குறைவா இருக்கு," என்றான் ஃபெர்கல்.

"எதுல?"

"உன் கார்ல. முன் சக்கரம்."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. அவள் மறுபடி முன்னால் போய்விட்டாள்.

காட்டுக்குள் காட்டுப்பூண்டு இலை முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, மிதிக்கிற இடமெல்லாம் மணந்தது. ஒவ்வொரு ஊதா அம்பையும் தொட்டுவிட்டுத்தான் எய்லிஷ் நகருவாள். ஒன்றைத் தவறவிட்டால் திரும்பிப் போய்த் தொட வேண்டும். அது அவளே போட்ட சட்டம். "சீக்கிரம் வா," என்று டெர்வ்லா இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோது குரல் தடித்திருந்தது.

"என்ன அவசரம்?" என்றான் ஃபெர்கல் மெதுவாக.

"உனக்குத்தானே அஞ்சு மணிக்கு வேலை இருக்கு. எனக்கென்ன."

அவன் ஒரு மரத்தைத் தடவிப் பார்த்தபடி நின்றான். ஓக் மரம். நல்ல மரத்தைக் கண்டால் அவன் கை தானாகப் போகும். "அதப் பத்திப் பேசணும்னுதான்..." என்று ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்து எய்லிஷ் சேற்றில் ஒரு காலணியை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் அழத் தொடங்கினாள். காலணியைப் பிடுங்கி, சாக்ஸைப் பிழிந்து, அழுகையை நிறுத்தி முடிப்பதற்குள் அந்தப் பேச்சும் சேற்றிலேயே கிடந்துவிட்டது.

கற்களுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றே கால். தீவுக்கும் கரைக்கும் நடுவே மணலில் நாற்பத்திரண்டு தட்டைக் கற்கள், ஆடுகளை ஓட்டிப் போவதற்காக யாரோ எப்போதோ போட்டவை. க்ளோடா ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு குதித்து முன்னால் ஓடினாள்.

"அம்மா, தண்ணி இப்பவே கல்லுகிட்ட வந்திருச்சு."

"காத்து தள்ளுது. இன்னும் நேரமிருக்கு." டெர்வ்லா எய்லிஷைத் தூக்கிக்கொண்டே சொன்னாள். க்ளோடா காது கேட்காத தூரத்துக்குப் போய்விட்டதைப் பார்த்ததும், குழந்தையை ஃபெர்கலிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக மடக்கிக் காட்டினாள். க்ளோடா உடனே நின்றாள். அந்தக் கரையில் அது எல்லோருக்கும் தெரிந்த சைகை. காற்றும் தண்ணீரும் பேச்சை விழுங்கிவிடும் என்பதால் ஆடு ஓட்டுகிறவர்கள் வைத்துக்கொண்டது. 'இருக்கிற இடத்திலேயே நில்' என்று அர்த்தம்.

தீவைச் சுற்ற முக்கால் மணி நேரம். அதன் மேற்கு முனையில் சுவர்கள் மட்டும் மிச்சமிருந்த பழைய பள்ளிக்கூடத்தின் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முட்டை சாண்ட்விச், பன்றி இறைச்சி சாண்ட்விச், வெண்ணெய் தடவிய பழ ரொட்டி, பிளாஸ்கில் டீ. ஃபெர்கல் இரண்டாவது கோப்பை டீயை ஊற்றிக்கொண்டான். அவசரமே இல்லாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். டெர்வ்லா நாலு வாய்க்கு ஒரு தடவை எழுந்து கடலைப் பார்த்தாள்.

"உக்காரேன்," என்றான்.

"உக்காந்துதானே இருக்கேன்."

"நின்னுட்டிருக்க."

திரும்பும்போது மணி இரண்டு இருபத்தைந்து. கற்கள் இல்லை.

க்ளோடாதான் முதலில் பார்த்தாள். கரையோரம் மூன்று கற்கள் தெரிந்தன. நாலாவதன் மேல் தண்ணீர் ஒரு முறை ஏறி இறங்கியது. மற்ற எல்லாவற்றையும் சாம்பல் நிறத் தண்ணீர் மூடி, உள்ளுக்குள் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. டெர்வ்லா அப்படியே நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். போனை எடுத்து அதிலும் பார்த்தாள். தீவில் சிக்னல் கிடையாது, ஆனால் மணி காட்டியது. இரண்டு இருபத்தைந்துதான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்தின வருஷம் வரை அவர்கள் வைத்திருந்த அட்டவணைப் புத்தகம் குளிர்கால நேரத்தில் அச்சிட்டது. கடிகாரத்தை மாற்றிய நாளிலிருந்து அதிலுள்ள மணியோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கரையில் பிறந்த யாரும் தூக்கத்திலும் அதைச் செய்வார்கள். இந்த வருஷம் குழு புதுப் புத்தகம் வாங்கியிருந்தது. அதில் கோடைக்கால நேரத்தைக் கூட்டியே போட்டிருந்தார்கள், பக்கத்தின் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில். அவள் நேற்று அதையும் பழக்கத்தில் ஒன்று கூட்டிவிட்டாள். பலகையில் இரண்டு என்று எழுதியிருக்க வேண்டும்.

எதிர்க்கரையில் ஒரு உருவம் தோன்றியது. தலைக்கு மேல் இரண்டு கைகளும் குறுக்காக. எழுபது தாண்டிய மார்ட்டி, அந்தக் கரை வயலுக்கும் தீவில் மேயும் ஆடுகளுக்கும் சொந்தக்காரர். நடுவில் தண்ணீர் இன்னும் அகலமாகவில்லை, கத்தினால் கேட்டது.

"ஏம்மா டெர்வ்லா, பலகைல எழுதினது யாரு?"

"நான்தான்."

"நல்லா எழுதின போ. ரெண்டு குடும்பத்த நான் இப்பத்தான் வழி மறிச்சுத் திருப்பி அனுப்பினேன். நம்ம ஊர்ல தண்ணி மூணு மணிக்கு வரும்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. செயலாளரே எழுதியிருக்காங்கன்னு என்கிட்ட சட்டம் பேசுறாங்க."

"படகு இருக்கா மார்ட்டி?"

"அக்டோபர்லேர்ந்து கொட்டகைல கவுந்து கிடக்கு. அடில ஒரு ஓட்ட. ஏறினா போய்ச் சேருவீங்க, ஆனா இங்க இல்ல." அவர் சிரித்தது தெரிந்தது, கேட்கவில்லை. "ஆறு மணிக்குத் தண்ணி இறங்கிடும். அந்தப் பக்கம் தீவுல என் ஆட்டுக் கொட்டகைல வைக்கோல் இருக்கு, பிள்ளைங்கள அதுல உக்கார வை. ஏய் ஃபெர்கல்."

"சொல்லுங்க."

"அஞ்சு மணிக்கு டெக்லன் உன்னக் கூப்பிடறான்ல?"

ஃபெர்கல் டெர்வ்லாவைப் பார்க்காமல் தலையாட்டினான். டெக்லன் மார்ட்டியின் தங்கை மகன். அப்படியானால் ஊருக்கே தெரிந்திருக்கும். போன வாரம் தேவாலய வாசலில் பெண்கள் தன்னைப் பார்த்ததும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது ஏன் என்று டெர்வ்லாவுக்கு இப்போது புரிந்தது.

"அங்க சிக்னல் கிடைக்காதே. நான் அவனுக்குப் போன் போட்டுச் சொல்றேன். ஆட்டுக்குத் தீவனம் வச்சுட்டு அஞ்சுக்குக் கால் மணி முன்னால வர்றேன். அதுக்குள்ள கத்தினா கேக்காத அளவுக்குத் தண்ணி அகலமாயிடும். கனடாவுக்குப் போறதா இருந்தா ஒரு கைய ஆட்டு. இங்கதான்னா ரெண்டு கையும் குறுக்கால. நம்ம பழைய சைகைதான். மறக்க மாட்டியே?"

"மறக்க மாட்டேன்."

மார்ட்டி போய்விட்டார். தண்ணீர் அடுத்த கல்லையும் விழுங்கியது.

குழந்தைகளுக்கு அது பெரிய திருவிழா. கொட்டகைக்குள் வைக்கோலில் வீடு கட்டினார்கள். ஒரு ஆட்டுக்குட்டி எட்டிப் பார்த்தது, அதற்கும் ஒரு அறை ஒதுக்கினார்கள். டெர்வ்லா வெளியே நடந்தாள். கரையோரமாகப் போவாள், திரும்புவாள். கூழாங்கல்லை எடுப்பாள், போடுவாள். மூன்று மணி. மூன்றரை. அவன் நினைப்பது என்ன என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பத்து வருஷமாகப் பலகை எழுதுகிறவள் இன்றைக்கு மட்டும் பிசகுவாளா? வேண்டுமென்றே செய்திருக்கிறாள். அப்படித்தான் நினைப்பான். அதைவிட மோசம், அது உண்மையில்லை என்று சத்தியம் செய்ய அவளாலேயே முடியவில்லை. நேற்று அந்த எறும்பு எழுத்தின் மேல் தன் கண் ஒரு நொடி நிற்கவில்லையா? நின்றது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

நாலு மணிக்கு அவள் அவன் முன்னால் போய் நின்றாள். அவன் ஒரு கம்பை எடுத்துப் பேனாக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தான்.

"நான் வேணும்னு பண்ணல."

"எத?"

"பலகைல. தப்பா எழுதினது. உன்னப் போன் எடுக்க விடாம பண்ணணும்னு நான் நெனைக்கல. நீ அப்படித்தானே நெனச்சிட்டிருக்க."

"இல்லயே."

"பொய் சொல்லாத."

ஃபெர்கல் கத்தியை மடக்கினான். "நீ தப்பா எழுதியிருக்கன்னு அங்கயே பாத்தேன்."

"எங்க?"

"பலகைகிட்ட. கார் நிறுத்தின இடத்துல. அண்ணன் வீட்டுச் சமையல்கட்டுலயும் அதே புதுப் புத்தகம்தான் தொங்குது. காலைல பாத்துட்டுத்தான் வந்தேன். ரெண்டு மணின்னு போட்டிருந்துச்சு."

டெர்வ்லாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "தெரிஞ்சேவா? பிள்ளைங்களோட? தெரிஞ்சே கல்லத் தாண்டிக் கூட்டிட்டு வந்தியா?"

"தீவுல பயப்பட என்ன இருக்கு? கூரை இருக்கு, சாப்பாடு இருக்கு, எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கு. மொதல்ல சொல்லத்தான் நெனச்சேன். அப்புறம் காட்டுல சொல்லலாம்னு நெனச்சேன். அங்க சொல்லியிருந்தா நீ அப்படியே திரும்பு, வீட்டுக்குப் போலாம்னு சொல்லியிருப்ப. மூணு மணிக்கெல்லாம் நான் வேன்ல உக்காந்து ஊரப் பாக்கப் போயிட்டிருப்பேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு தோணிச்சு."

"யாருக்கும் தண்ணி வரும்னு ஒரு வார்த்த சொல்லாம. வேற குடும்பம் மாட்டியிருந்தா?"

"அது தப்புதான்." அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நான் அத நெனைக்கல. நம்ம நாலு பேரத் தவிர வேற எதையும் நெனைக்கல."

அதைக் கேட்டதும் அவள் கோபம் கொஞ்சம் இளகப் பார்த்தது. ஆனால் அவள் விடவில்லை. ஐந்து மாதக் கோபம் அது, அதற்குள் வேறு ஏதோ இருந்தது. "அப்ப போனும் வராது, பதிலும் சொல்ல வேண்டாம். அதானே? கடலே பதில் சொல்லட்டும்னு விட்டுட்ட. போறேன்னு சொல்லவும் உனக்குத் தைரியம் இல்ல, இருக்கேன்னு சொல்லவும் தைரியம் இல்ல."

"உனக்கு இருக்கா?"

அவள் ஒரு கூழாங்கல்லைக் காலால் தள்ளினாள்.

"இன்னிக்கு வந்து இறங்கினதுலேர்ந்து நானும் பாத்துட்டேதான் இருக்கேன்," என்றான் அவன். "ஆத்தங்கரைல ஓடுற. காட்டுல ஓடுற. அம்புக்குறி மாதிரி முன்னாலயே போயிட்டிருக்க. போகாதன்னு ஒரு வார்த்த சொல்லுவியான்னு பின்னாலயே வந்தேன். டயரப் பத்தி நான் சொன்னதுக்கு சரின்னு மட்டும் சொன்ன."

"டயரப் பத்திப் பேச ஆரம்பிச்சது நீ."

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

அவள் திரும்பி நடந்தாள். தீவின் வடக்கு முனை வரை போனாள். முள்ளுக்குள் மஞ்சளாகப் பூத்திருந்த புதர்களில் காற்று விழுந்து எழுந்தது. தான் கேட்காமல் அவனாகவே திரும்பி வர வேண்டும் என்று அவள் ஐந்து மாதமாக விரும்பியிருந்தாள். கேட்டு வருவது வருவதாகாது என்று மனசுக்குள் ஒரு வழக்கே நடத்தி, தீர்ப்பும் எழுதி வைத்திருந்தாள். அவனும் அதே மாதிரி ஒன்றை எழுதி வைத்திருந்தான் போல. அவள் கேட்காமல் தான் இருந்துவிடுவது இருப்பதாகாது என்று. இரண்டு பேரும் தங்கள் தங்கள் பக்கத்து நியாயத்தை எடுத்துக்கொண்டு எதிரெதிர்க் கரைகளில் நின்றிருந்தார்கள். நடுவில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

நாலு நாற்பத்தைந்துக்கு மார்ட்டி வந்துவிட்டார். எதிர்க்கரை இப்போது ரொம்ப தூரத்தில் இருந்தது. நீலச் சட்டையும் தொப்பியும் மட்டும் தெரிந்தன. கையில் போனை வைத்திருப்பார் என்று அவளால் யூகிக்க முடிந்தது, அந்த வயலில் முள்மரத்தடியில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும், அவர் அங்கேதான் நின்றார். ஏதோ கத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு கையை உயர்த்தி, உள்ளங்கையைத் திருப்பினார். 'என்ன?' என்று.

ஃபெர்கல் தண்ணீரோரம் நின்றான். இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள். க்ளோடா கொட்டகை வாசலில் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வைக்கோல் ஒட்டிய தலையோடு, சத்தமில்லாமல்.

"அப்பா எந்தக் கைய ஆட்டுவாரு?" என்றாள் எய்லிஷ்.

"சும்மா இரு," என்றாள் க்ளோடா.

ஃபெர்கலின் வலது கை பையிலிருந்து வெளியே வந்தது. டெர்வ்லா அதைப் பார்த்தாள். அது மேலே போகப் போகிறதா, சும்மா வெளியே வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் காத்திருக்கவில்லை. கூழாங்கல்லில் வழுக்கி, முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, அவனுக்கும் மார்ட்டிக்கும் நடுவில் போய் நின்றாள். அவனைப் பார்த்து நின்றாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக மடக்கினாள்.

அவன் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

"அது ஆட்டுக்காரன் சைகை."

"மனுஷனுக்கும்தான்."

"வாயால சொல்லு, டெர்வ்லா. நான் நவம்பர்லேர்ந்து காது கொடுத்துட்டு இருக்கேன்."

தண்ணீர் காலணிக்குள் புகுந்து குளிர்ந்தது. கைகளைக் கீழே இறக்கினால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குப் பட்டது, அதனால் இறக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டு சொன்னாள்.

"போகாத. வீட்டுக்கு வா. வேல இல்லன்னாலும் வா. எம்மேல கோவம் இருந்தா கோவத்தோடயே வா, அங்க வந்து கோவப்படு. கதவ நீ போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. எனக்கு அது வேண்டாம், அன்னிக்கு அதச் சொன்னதே..."

"கதவு இன்னும் இல்லயா?"

"எங்கேர்ந்து வரும்? துணி மாட்டி வச்சிருக்கேன்."

ஃபெர்கல் தண்ணீரில் இறங்கினான். காலணியைக் கழற்றவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்று, மார்ட்டியைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக மடக்கினான். அவள் கைகளும் இன்னும் மேலேதான் இருந்தன.

எதிர்க்கரையில் மார்ட்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முள்மரத்தடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

"ரெண்டு பேரும் ஏன் தண்ணில நிக்கிறாங்க?" என்றாள் எய்லிஷ்.

"அவங்களுக்கு அறிவு இல்ல," என்றாள் க்ளோடா. சொல்லிவிட்டு, வைக்கோலைத் தட்டிவிடுகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்குக் கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பாசி பிடித்து, தண்ணீர் வடிய வடிய. எல்லாம் வெளிவரும் வரை காத்திருக்க டெர்வ்லாவால் முடியவில்லை. ஏற்கெனவே நனைந்த கால்தானே என்று எய்லிஷைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். எதிர்க்கரையில் மார்ட்டி ஒரு கம்பளியோடு காத்திருந்தார். அதைக் குழந்தைக்குச் சுற்றிவிட்டார். பெரியவர்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"டெக்லன் என்ன சொன்னான்?" என்றான் ஃபெர்கல்.

"உன் இடத்த அடுத்த ஆளுக்குக் கொடுத்தாச்சுன்னான். போன வாரமே நான் அவனுக்குச் சொன்னேன், அவன் வரமாட்டான்டா, வேற ஆளப் பாருன்னு. கேட்டாத்தானே." மார்ட்டி டெர்வ்லா பக்கம் திரும்பினார். "பலகைய அழிச்சுட்டேன். அடுத்த வாரம் எழுதறப்ப கண்ணாடி போட்டுக்கோ தாயி."

அவர்கள் நடந்து திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது, இரவில் பனி விழும் போலத் தெளிந்த வானம். கார் நிறுத்துமிடத்தில் இரண்டு வண்டிகள்தான் மிச்சம். ஃபெர்கல் கார் சக்கரத்துக்குக் குனிந்து காற்றைப் பார்த்தான். "வீடு வரைக்கும் தாங்கும்," என்றான். க்ளோடா யாரையும் கேட்காமல் வேனில் ஏறிக்கொண்டாள். காரின் பின் இருக்கையில் எய்லிஷ் கம்பளிக்குள் தூங்கிவிட்டாள்.

நாளைக்கு அவனுக்கு ஊரில் வேலை. துணிமணி எல்லாம் அண்ணன் வீட்டில். பாலத்துக்கு அந்தப் பக்கம் இடது பக்கம் திரும்பினால் ஊர், வலது பக்கம் திரும்பினால் வீடு. பேச வேண்டியதில் முக்கால்வாசி இன்னும் பேசவில்லை. டெர்வ்லா முன்னால் ஓட்டினாள். பாலத்தைத் தாண்டி வலது பக்கம் திரும்பினாள். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் வேனின் விளக்குகள் பாலத்தின் மேல் நின்றன. நின்றதுதான் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு வலது பக்கம் திரும்பி அவள் பின்னால் வந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். வளைவில் மறைந்து மறுபடி வந்தன. சுவரோரம் மறைந்து மறுபடி வந்தன. கொஞ்ச தூரத்தில் திடீரென்று காணாமல் போயின.

அவள் வண்டியை நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஐம்பது கஜத்தில், அவர்கள் வீட்டு வாசலுக்குள், வேன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அவள் அணைக்காமல் விட்டுப் போன சமையலறை விளக்கு எரிந்தது. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, தன் வீட்டு வாசலைத் தானே தாண்டி வந்திருந்தாள்.

டெர்வ்லா வண்டியைப் பின்னால் எடுத்தாள்.